விடுப்பும் விடுவிப்பும்

யாழ்ப்பாணத்துத் தமிழில் 'விடுப்பு' என்றொரு சொல் உண்டு. தமிழ்நாட்டு அன்பர் ஒருவரிடம் அதனைக் கூறினால், அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பெறும் ஓய்வு நாள் என்றே அவர் பொருள் கொள்வார். நமக்கு அதன் பொருள் வேறு. அயல் வீட்டுக்கு வந்த விருந்தாளி யார், சந்தையில் பாரை மீன் என்ன விலைக்குப் போயிற்று, நேற்றிரவு நாய் ஏன் குரைத்தது என்பனவற்றை அறிய விழையும் ஆவலுக்கும், அறிந்தவுடன் வேலிக்கு மேலால் அதனை அடுத்த வீட்டுக்குக் கடத்திவிடும் அவசரத்துக்கும் நம் முன்னோர் இட்ட பெயர் அது. 'விடுப்பு விண்ணாணம்' என்று இணைமொழியாகவும் வழங்குவர். விடுப்புக் கேளாத யாழ்ப்பாணத்தவனைக் காண்பது, புழுதியில்லாத ஒழுங்கையைக் காண்பது போல அரிது.

அரசியல் வார ஏடொன்றில் இத்தகைய விடுப்புகளுக்கு இடம் எதற்கு என்று கேட்பார் உளர். நாடு இருக்கும் நிலையில் பந்தாட்டமும் பாட்டுக் கச்சேரியும் சொல் விளையாட்டும் ஒரு பொருளா என அவர்கள் முகஞ்சுளிப்பர். அவர்தம் வினா நியாயமானதே. ஆயின் விடை கூறுமுன், மயிலிட்டித் துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு காலை வேளையில் நாம் கேட்ட விடுப்பொன்றைச் சொல்லிவிடுதல் நன்று.

தேநீர்க் கடையொன்றின் வாங்கில் அமர்ந்து பத்திரிகையை விரித்திருந்தோம். கடற்காற்று நம்மினும் விரைவாகத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. அருகில் இருந்த முதியவர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்து வந்தவர் போலும், நம் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி, பேப்பரிலை என்ன புதினம்?"

"இன்னுங் கொஞ்சக் காணி விடப் போகினமாம், ஐயா."

"அது விடுவிப்போ தம்பி, இல்லாட்டி விடுப்போ?"

கேட்டுவிட்டு அவர் தம் தேநீரைக் குடிக்கலானார். நாமோ வாய்க்குக் கொண்டுபோன குவளையைக் கீழே வைத்துவிட்டோம். விடுவிப்புக்கும் விடுப்புக்கும் இடையே நிற்பது 'வி' என்னும் ஓரெழுத்து மாத்திரமே. அந்த ஓரெழுத்துக்காகவே மயிலிட்டி மக்கள் இருபத்தேழு ஆண்டு காத்திருந்தனர். அவர்களுட் சிலர் இன்னும் காத்திருக்கின்றனர்.

வரலாறு நம்மவர் அறிந்ததே. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபொழுது மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். அவர்கள் விட்டுச் சென்ற ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. இலங்கையின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாய் விளங்கிய இடத்தில் வலை போயிற்று, வலயம் வந்தது. வலையில் மீன் அகப்படும். வலயத்தில் ஊரே அகப்பட்டது. வலைக்காவது கண்கள் உண்டு, சிறு மீன் நழுவித் தப்பலாம். வலயத்துக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை.

2017ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 54 ஏக்கர் காணியும் உரிய மக்களிடம் மீண்டன. 2018 ஏப்பிரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, வலிகாமம் வடக்கில் மேலும் 683 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அதன் பின்னரும் இங்கொரு துண்டும் அங்கொரு துண்டுமாக மீண்டு வருகின்றன. எனினும் எல்லாக் காணியும் உரியவர் கைக்கு வந்துவிட்டது என்று எழுதும் பேறு நம் பேனாவுக்கு இன்னும் வாய்க்கவில்லை. அதனாலேயே 'காணி விடுவிப்பு' என்னும் தலைப்பைப் பத்திரிகையிற் காணும்போதெல்லாம், மயிலிட்டியான் அதனை ஒரு கண்ணால் விடுவிப்பு என்றும் மறு கண்ணால் விடுப்பு என்றும் வாசிக்கப் பழகிவிட்டான்.

தலைப்புகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்திரிகைகள் இடத்தை மிச்சம் பிடிக்கும் பொருட்டு வலிகாமம் வடக்கை 'வலி. வடக்கு' எனச் சுருக்குவது வழக்கம். நடுவிலுள்ள புள்ளியைத் தட்டெழுதுவோர் மறந்துவிட்டால் அது 'வலி வடக்கு' என்றாகிவிடும். எழுத்துப் பிழை திருத்துவோர் எவரும் அதனைப் பிழையென்று திருத்தத் துணியார். வலிகாமம் என்பதற்கு மணற்பாங்கான ஊர் என்று பொருள் காண்பாரும் உளர். மணலாயினும் ஆகுக. தமிழில் வலி என்பதற்கு நோவு என்றும் வலிமை என்றும் இரு பொருள் உள. கோணாப்புலம் முதலிய முகாம்களில், 'நலன்புரி நிலையம்' என்று பெயர் சூட்டப்பட்ட ஓலைக் கொட்டில்களில், ஒரு தலைமுறைக் காலம் முதற்பொருளோடு வாழ்ந்தவர்களுக்கு இரண்டாம் பொருளும் உடனிருந்திராவிடின், திரும்பி வர ஆளே மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

சொல்லோடு விளையாடுவதற்கு நம் வடகரை போல் வாய்ப்பான இடம் வேறில்லை. இங்கு ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு கதையை மடியிற் கட்டிக்கொண்டிருக்கிறது. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி, அம்முகம் நீங்கப் பெற்றாள் என்பதும், மா விட்ட புரமே மாவிட்டபுரம் ஆயிற்று என்பதும் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. அவள் கந்தனுக்குக் கோயில் எடுத்தபோது காங்கேயனது திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை என்பர். குதிரைக்கும் கந்தனுக்கும் இடம் கிடைத்தபின் கந்தனது வாகனத்துக்கும் ஓரிடம் வேண்டுமன்றோ? துறையில் இறங்கி, புரத்திற் குடியேறிய பெருமான், மயிலைக் கட்டி வைப்பதற்கு அயலிலே ஓர் ஊரைத் தேர்ந்தான். அதுவே மயிலிட்டி என்பது நமது துணிபு. சொல்லாராய்ச்சி வல்லுநர் இதனை ஏற்கமாட்டார்கள். 'இட்டி' என்பதற்கு அவர்கள் தக்க பொருள் தேடட்டும். அயலிலுள்ள தையிட்டிக்கும் சேர்த்தே தேடட்டும். வேலனுடைய மயில் நின்ற ஊரில், வேல் நிற்க வேண்டிய இடத்தில் நெடுங்காலம் முட்கம்பி வேலி நின்றது என்பதற்கு மாத்திரம் ஆராய்ச்சி தேவையில்லை. 'வேலி'யின் வாலிலுள்ள அந்த இகரத்தை வெட்ட இருபத்தேழு ஆண்டு சென்றது.

காங்கேயன் கங்கையின் மைந்தன் என்பது புராணம். அப்புராணத்துக்குக் கப்பல் ஓட்டுவோர் அண்மையில் ஒரு புதிய அத்தியாயம் சேர்த்திருக்கின்றனர். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலொன்று வந்தது. அதன் பெயர் 'செரியபாணி'. இலட்சத்தீவுக் கடலிலுள்ள திட்டொன்றின் பெயர் அது. நாமோ அதனைச் 'சரியான பாணி' என்று வாசித்து மகிழ்ந்தோம். மாரிக் கடலுக்கு அந்தப் பாணி பிடிக்கவில்லை. சில நாள்களிலேயே ஓட்டம் நின்றது. பின்னர் 2024 ஆகஸ்டு 16ஆம் நாள் அதே வழியில் ஓடத் தொடங்கிய கப்பலுக்கு வாய்த்த பெயர் 'சிவகங்கை'. கங்கை வந்தணைந்த துறை காங்கேயன் துறை! மகன் இறங்கிய இடத்துக்குத் தாய் கடல் கடந்து வந்திருக்கிறாள். புராணத்தை முன்னே விரித்து வைத்துக்கொண்டு பெயர் சூட்டியிருந்தாலும் இத்துணைப் பொருத்தம் அமைந்திராது. ஆயின் தாய் வந்து சேரும்போது மகனுடைய அயலவர் பலர் தம் வளவுக்குள் நுழைய முடியாமல் இருந்தனர் என்பதையும் அந்த அத்தியாயத்தின் அடியிலே குறித்து வைத்தல் வேண்டும்.

நிற்க. அந்த இளவரசி விட்ட குதிரை எங்கே போயிற்று என்று வாசகர் கேட்கலாம். அது கிறிக்கெற் மைதானத்திலே அகப்பட்டது. 2020ஆம் ஆண்டு லங்கா பிரிமியர் லீக் போட்டிகள் தொடங்கியபொழுது, யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணிக்கு 'ஜப்னா ஸ்டாலியன்ஸ்' என்று பெயரிட்டனர். பொலிகுதிரைகள் என்பது அதன் பொருள். குதிரைகள் அவ்வாண்டு கிண்ணத்தையும் வென்றன. மறு ஆண்டே அணியின் பெயர் 'ஜப்னா கிங்ஸ்' என மாறிற்று. குதிரை முகம் நீங்கியவள் அன்று அரசியானாள். குதிரைப் பெயர் நீங்கியவர்கள் இன்று அரசரானார்கள். வரலாறு திரும்பும் என்பது இதுதான் போலும்!

இதில் நமக்குள்ள குறையையும் மறைக்கலாகாது. 2020ஆம் ஆண்டு ஆட்டங்கள் யாவும் நடந்தது தென்கோடியிலுள்ள அம்பாந்தோட்டையில். யாழ்ப்பாணத்தின் பெயர் ஓடி ஆடி வென்று வந்தது. யாழ்ப்பாணம் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிற் பார்த்தது. ஊரில்லாமல் ஊர்ப் பெயர் மாத்திரம் வாழ்வது எங்ஙனம் என்பதை மயிலிட்டி மக்கள் அதற்கு முன்பே நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் அந்த அணியிலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் பந்து சுழற்றினார் என்பதும், அதே இளைஞர் 2024 மே மாதத்தில் ஐதராபாத் அணிக்காக இந்தியப் பிரிமியர் லீக்கில் ஆடினார் என்பதும் நம் மனக்குறையை ஓரளவு ஆற்றின. வியாசர் பாரதப் போரைச் சொன்னார். வியாஸ்காந்த் பாரதத்துக்கே பந்து போடப் போனார்.

போர் என்றதும் இன்னொரு நினைவு. யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் ஒரு பெரும்போர் நடக்கிறது. 1904ஆம் ஆண்டு தொடங்கிய போர் அது. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் பொருதும் 'வடக்கின் பெரும்போர்' என்னும் கிறிக்கெற் போட்டியைச் சொல்கிறோம். அப்போர் மூன்று நாளில் முடிந்துவிடும். நடுவே மதிய உணவுக்கும் தேநீருக்கும் இடைவேளை உண்டு. வென்றவன் தோற்றவனின் காணியை எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டம் முடிந்ததும் இரு பகுதியாரும் கைகுலுக்கித் தத்தம் வீட்டுக்குப் போவர். உலகத்துப் போர்களெல்லாம் இவ்விதியைப் பின்பற்றியிருந்தால் உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லுக்கே நம் அகராதியில் இடமிராது.

விளையாட்டுச் செய்தி வெறும் பொழுதுபோக்கு என்பாருக்கு ஒரு பழைய சான்று காட்டுவோம். 1958ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தோக்கியோ நகரில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. அவ்விழாவில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஈன்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், உயரம் பாய்தலில் 2.03 மீற்றர், அஃதாவது 6 அடி 8 அங்குலம், தாண்டி இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டினார். அதே நாள்களில் இலங்கையில் நடந்தது என்ன? தமிழர்மீது இனக் கலவரம் மூண்டு, வீடுகள் எரிந்து, நாடெங்கும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டிருந்தது. ஒரு தமிழ் இளைஞன் அயல் நாட்டில் நாட்டின் கொடியை உயர்த்திக்கொண்டிருந்த வேளையில், அவன் இனத்தார் அந்நாட்டிலேயே உயிர் காக்க ஓடிக்கொண்டிருந்தனர். அந்த ஆண்டின் அரசியலை விளங்கிக்கொள்ள ஆயிரம் பக்க அறிக்கை வேண்டியதில்லை. கலவரச் செய்தியையும் அந்த விளையாட்டுச் செய்தியையும் அருகருகே வைத்து வாசித்தாற் போதும். 2024ஆம் ஆண்டு அப்பெருமகன் மறைந்தார். அவர் தாண்டிய உயரத்தை நாம் அளந்து எழுதி வைத்திருக்கிறோம். அவர் காலத்து நாடு தாண்டத் தவறிய வேலிகளின் உயரத்தை அளந்து வைத்தார் இலர்.

இனி இசைக்கு வருவோம். மயிலிட்டியிலிருந்து மயிலைக்கு எவ்வளவு தூரம்? கடலளவு தூரம் என்பான் மாலுமி. ஒரு பாட்டளவு தூரம் என்போம் நாம். சென்னை மயிலையிலுள்ள கற்பகாம்பாளைப் பாடித் தமிழுலகெங்கும் பரவிய 'கற்பகவல்லி' என்னும் பாடலை இயற்றியவர் நம் இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர். டி. எம். சௌந்தரராஜன் குரலிலே அப்பாடலைக் கேட்டுக் கண் கசியும் தமிழ்நாட்டு அன்பர் பலர், அது கடலுக்கு இக்கரையார் ஒருவரின் ஆக்கம் என்பதை அறியார். அது ஓர் இராகமாலிகை. கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என இராகத்தின் பெயர்களே அம்பிகையின் பெயர்களாகவும் பாட்டினுள் அமைந்துவிடுகின்றன. பக்தனுக்கு அது தேவியின் நாமம். வித்துவானுக்கு அது பாட வேண்டிய இராகத்தின் குறிப்பு. சொல் விளையாட்டுச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்வோர் அப்பாடலை ஒருமுறை கேட்டுவிட்டு வருக.

பாட்டு இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனது போலவே தாளமும் போயிற்று. அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழ்நாட்டார் 'யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி' என்று ஊரையே முன்னொட்டாக வைத்து அழைத்தனர். 1975ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் விரல்கள் எழுப்பிய ஒலியை இன்றும் பழைய ஒலிப்பதிவுகளிற் கேட்டுத் தலையசைப்போர் இரு கரையிலும் உளர். கடவுச்சீட்டும் அனுமதிச் சீட்டுமின்றிப் பாக்கு நீரிணையை நாள்தோறும் கடப்பவை இரண்டு: ஒன்று காற்று, மற்றொன்று இசை.

அதே நீரிணையைக் கடக்கும் மூன்றாவதொன்றும் உண்டு. அதைப் பற்றிப் பேசுகையில் நம் குரலில் இசை குறைந்துவிடுகிறது. மயிலிட்டித் துறையில் இன்று நம்மவர் வள்ளங்களோடு, எல்லை தாண்டியதற்காகக் கடற்படையினர் பிடித்து வைத்த தமிழ்நாட்டு இழுவைப் படகுகளும் கட்டுண்டு கிடக்கின்றன. கடலின் அடித்தளத்தை வாரி இழுக்கும் அந்த முறையினால் நம்மவர் வலைகள் அறுந்தன, மீன்குஞ்சும் அழிந்தது. அம்முறையைத் தடைசெய்யும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியதும் துறைமுகம் விடுபட்ட அதே 2017 ஜூலை மாதத்திலேயே. எனினும் பிடிபட்டுச் சிறை சென்றவனும் தமிழ் பேசும் கூலிக்காரனே. அவன் வீட்டிலும் உலை காத்திருக்கிறது. இழுவைப் படகு கடலில் இழுக்கிறது. அதைப் பற்றிய பேச்சுவார்த்தை கரையில் இழுபடுகிறது. இரு கரை மீனவரும் ஒரு மேசையில் அமர்ந்து, இழுவை மடியை விட்டு வேறு தொழின்முறைக்கு மாற வழி காணாதவரை, விடுபட்ட துறைமுகத்தில் கட்டுண்ட படகுகள் உக்கிக்கொண்டே இருக்கும். நம்மவர் வள்ளத்துக்கு இடமும் குறைந்துகொண்டே போகும்.

துறைமுகத்துக்கு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவரவில்லை. 2018 ஆகஸ்டில் அபிவிருத்திக்கு அடிக்கல் நாட்டினர். 2019 ஆகஸ்டில் முதற் கட்டத்தைத் திறந்தனர். 2025 செப்டெம்பரில் மூன்றாங் கட்ட வேலையைத் தொடங்கினர். நன்று. காணியையும் 'கட்டங் கட்டமாக' விடுவிப்போம் என்கின்றனர். வடமொழி எழுத்தை நீக்கி எழுதும் அன்பர்கள் கஷ்டத்தையும் 'கட்டம்' என்றே எழுதுவர் என்பதை அமைச்சர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மயிலிட்டியான் அறிவான். அவனுக்கு ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு கட்டமாகவே கழிந்திருக்கிறது.

சங்கீத பாஷையிற் சொல்வதாயின், கீர்த்தனம் என்பது பல்லவியில் எழுந்து, அநுபல்லவியில் வளர்ந்து, சரணத்தில் நிறைவு பெற வேண்டும். 'காணியை விடுவிப்போம்' என்பது பல்லவி. 'படிப்படியாக விடுவிப்போம்' என்பது அநுபல்லவி. பாடகர்கள் மாறிவிட்டனர், பக்க வாத்தியங்களும் மாறிவிட்டன, நீலம், பச்சை, மொட்டு, திசைகாட்டி என மேடையின் பின்திரையும் மாறிவிட்டது. பல்லவியும் அநுபல்லவியும் சங்கதி மேல் சங்கதியாக வளர்ந்துகொண்டே இருக்கின்றன. சரணத்தைத்தான் இன்னும் காணோம். கொட்டிலிலும் உறவினர் திண்ணையிலும் சரணம் புகுந்தவர்கள் மாத்திரம் கச்சேரி முடியும்வரை எழுந்து போக வழியின்றி இருந்துவிட்டார்கள். அவர்களுட் பலர் சரணத்தைக் கேளாமலே கண்மூடியும் விட்டனர்.

இப்பொழுது முதலிற் கேட்ட வினாவுக்கு விடை கூறலாம். விடுப்பு எதற்கு? மயிலிட்டியை இருபத்தேழு ஆண்டு உயிரோடு வைத்திருந்தது எது என்பதை எண்ணிப் பார்க்க. மனுக்கள் எழுதப்பட்டன, வழக்குகள் தொடரப்பட்டன, போராட்டங்களும் நடந்தன. அவையெல்லாம் வேண்டியனவே. ஆயின் அவற்றைச் செய்யும் மன உறுதியை நாள்தோறும் ஊட்டி வளர்த்தது எது? முகாமின் குழாயடியிலும், வைத்தியசாலை வரிசையிலும், செத்த வீட்டிலும், கனடாவிலிருந்து வந்த தொலைபேசியிலும் மயிலிட்டியார் இருவர் சந்தித்தபோதெல்லாம் கேட்டுக்கொண்ட விடுப்பே அது. எங்கள் வளவுப் பனை நிற்கிறதோ? கிணறு தூர்ந்து போயிற்றோ? இன்னாருடைய மகன் இப்பொழுது எங்கே தொழிலுக்குப் போகிறான்? இவ்வளவுதான் கேட்டார்கள். ஊரைக் கண்ணாலே காண இயலாத பிள்ளைகள், பெற்றோர் பரிமாறிய விடுப்பிலேயே ஒழுங்கைகளையும் கோயில் வீதியையும் துறையையும் கற்றுக்கொண்டார்கள். முட்கம்பி வேலிக்கு மேலால் கடத்த முடிந்த பொருள் அது ஒன்றே. அன்றிருந்தோர் அரசியல் மாத்திரம் பேசி, விடுப்பை விட்டிருந்தால், 2017இல் வேலி திறந்தபொழுது உள்ளே நுழைய ஓர் ஊர் இருந்திராது. வெறுங்காணி மாத்திரமே இருந்திருக்கும்.

ஆகவே கிழமைதோறும் செய்தியையும் விளையாட்டையும் இசையையும் சொல்லையும் கலந்து நாம் எழுதும் இவ்விடுப்புக்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஒரு மக்களுக்குச் சிரிப்பதற்கு உரிய சொற்கள் இருக்கும்வரை, அழுவதற்கு உரிய காரணங்களை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

நம் முன்னோர் மனிதன் அடையத்தக்கவற்றை அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்காக வகுத்தனர். விடு என்னும் அடியிலிருந்து வந்ததே வீடு. கட்டெல்லாம் விடுபட்ட நிலைக்கும், நாம் படுத்துறங்கும் மனைக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பிற தேசத்துப் புலவர் இதனைக் கேட்டால் வியப்பர், மயிலிட்டியான் வியப்பதில்லை. வீட்டுக்குப் போவதே விடுதலை என்பதை அவன் இலக்கணம் படியாமலே கற்றவன். துறைமுகம் வந்தது, பாதை வந்தது, கப்பல் வந்தது, கட்டங்களும் வந்தன என்று பட்டியல் காட்டுவோருக்கு நாம் சொல்வது இது: கடைசிக் குடும்பம் தன் கிணற்றடியில் நின்று வாளியைத் தூக்கும் நாளில்தான் அந்தப் பட்டியல் நிறைவுபெறும். அதற்கு ஒரு நாள் குறித்து, அந்நாளை வெளியிடுவது அரசாங்கத்தின் கடமை. குறித்த நாளில் நடந்ததா என்று விடுப்புக் கேட்டுக்கொண்டே இருப்பது நமது கடமை.

அன்று தேநீர்க் கடையில் நாம் பத்திரிகையை மடித்து எழுந்தபொழுது, அம்முதியவர் கையை நீட்டினார்.

"தம்பி, அந்தப் பேப்பரைத் தந்திட்டுப் போ."

"கண்ணாடி கொண்டு வரேல்லையே, ஐயா?"

"எனக்கில்லை. காணி விடுற புதினத்தைப் பேத்திக்குக் காட்ட. அவள் வாசிச்சுச் சொல்லுவாள், எந்த ஒழுங்கை மட்டும் எண்டு."

கொடுத்துவிட்டு வந்தோம்.